மாமி எடுத்த முதுகுகள்

மாமியின் பெருவிரலும் சுட்டுவிரலும் எப்போதும் பழுப்பேறிக் கிடக்கும். படம் கழுவும் மருந்தின் கறை அது. சவர்க்காரத்துக்கும் போகாது, தேசிக்காய்ப் புளிக்கும் போகாது. அந்த இரண்டு விரல்களாலும் ஸ்டூலில் இருப்பவரின் தாடையைத் தொட்டு மெல்லத் திருப்புவார். "இஞ்ச பாருங்கோ. காது ரெண்டும் தெரியட்டும். மூச்சை அடக்காதேங்கோ, நான் ஊசி போடப்போறதில்லை" என்பார். திருகோணமலைப் பட்டினத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எத்தனையோ பேரின் தாடையை அந்த விரல்கள் தொட்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒரு பெண், முன்பின் தெரியாத ஆம்பிளையின் தாடையைப் பிடித்துத் திருப்புவதென்றால் சும்மா காரியமில்லை. மாமி அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் மட்டக்களப்பிலிருந்து கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தபோது மாமா இறந்து ஒரு வருடமாகியிருந்தது. முன்பக்கம் ஸ்ரூடியோ, பின்பக்கம் வீடு. மாமா போன கையோடு கமராக்களை விற்றுவிட்டு மாமி மகனோடு அடங்கியிருப்பார் என்றுதான் ஊர் எதிர்பார்த்ததாம். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை அவர் கடையைத் திறந்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். பொம்பிளை கமரா பிடித்தால் ஆர் வருவினம் என்று மாதா கோயில் பங்கு மண்டபத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். "வராதவை வராமல் இருக்கட்டும். வாறவைக்கு இடம் கூட இருக்கும்" என்று மாமி சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது என் கணவர். தாயைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குப் பெருமையும் பயமும் ஒன்றாகத்தான் வரும்.

எழுபதுகளில் அடையாள அட்டை வந்தது. அதுவரை எங்கள் பக்கத்துச் சனம் படம் எடுத்தது கல்யாணத்துக்கும், பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை எடுக்கும் முதல் நன்மைக்கும், செத்தவீட்டுக்கும்தான். இப்போது எல்லோருக்கும் முகம் தேவைப்பட்டது. குச்சவெளி பஸ் வந்து நின்றால் ஒரு கூட்டம் இறங்கும். மூதூர் லோஞ்ச் கரைக்கு வந்தால் இன்னொரு கூட்டம். சல்லியிலிருந்து சைக்கிளில் வருவார்கள். ஸ்ரூடியோவில் ஒரு கோட், ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா, பூச்சுப்போன ஒரு சங்கிலி எல்லாம் இரவல் கொடுக்க இருந்தன. மீன் பிடிப்பவரும் மேசன்மாரும் அதே கோட்டுக்குள் புகுந்து வெளியே வந்தார்கள். பெண்கள் அந்தச் சங்கிலியை மாறி மாறிக் கழுத்தில் போட்டார்கள். படங்களைக் கழுவி மேசையில் காயவைத்தால் எல்லோருக்கும் ஒரே பயம், ஒரே விறைப்பு.

"பிள்ளை, இஞ்ச வந்து பார். எல்லாரும் ஒரே ஆள் மாதிரிக் கிடக்கினம்" என்று ஒருநாள் மாமி சொன்னார். அவருக்கு அது அவமானமாக இருந்தது. தான் எடுத்த படத்தில் ஆட்கள் காணாமல் போகிறார்கள் என்ற எரிச்சல்.

சல்லியிலிருந்து கருவாடு போடும் அக்கா ஒருவர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நல்ல சீலையை ஒரு பையில் கொண்டுவந்து, உள்ளே மாற்றி, சங்கிலியும் போட்டு ஸ்டூலில் இருந்தார். மாமி தாடையைத் திருப்பினார், படம் எடுத்தார், முடிந்தது. அக்கா போய் தன் பழைய சீலைக்கு மாறிக்கொண்டு வந்து, மூலையில் வைத்திருந்த ஓலைக் கடகத்தைத் தூக்கக் குனிந்து நிமிர்ந்தார். பின்பக்கக் கதவால் வெயில் வந்துகொண்டிருந்தது. "அப்பிடியே நில்லுங்கோ. திரும்ப வேண்டாம்" என்று மாமி சொன்னார். பிலிம் றோலில் ஒரு படம் மிச்சமிருந்தது. அதை எடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பிலிம் கிடைக்காத காலம் அது. இறக்குமதியெல்லாம் இறுக்கிவிட்டிருந்தார்கள், கொழும்பில் தெரிந்தவர்களைப் பிடித்துத்தான் ஒரு றோல் வாங்க வேண்டும். "மாமி, அவவின்ர முதுகை எடுத்து என்ன செய்யிறது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. கழுவிப் பாப்பம்" என்றார்.

இருட்டறையில் சிவப்பு வெளிச்சத்துக்குக் கீழே அந்தப் படம் மருந்துக்குள் மெல்ல எழும்பி வந்ததை நானும் பார்த்தேன். முதலில் கொண்டை வந்தது. பிறகு கழுத்து, வெயில் பட்டுப் பட்டுச் சுருங்கிய, கீறல் கீறலான கழுத்து. சட்டையின் தோள்மூட்டில் வேறு நிறத் துணி வைத்துத் தைத்திருந்தது. முதுகு முழுக்க வியர்வை காய்ந்து, உப்பு வெள்ளையாக ஓரம் கட்டியிருந்தது, தண்ணீர் வற்றிய களப்பில் கரை தெரியுமே, அதுபோல. கடகத்தைத் தாங்கிய தோள் ஒரு பக்கம் உயர்ந்திருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த முகம் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் பார்த்தால் எது அந்த அக்கா என்று ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கழுவிய அட்டைப் படத்தை வாங்க அவர் திரும்பி வந்தபோது மாமி இதையும் கொடுத்தார். அக்கா கனநேரம் பார்த்தார். "நான் இவ்வளவு அகலமோ?" என்று கேட்டார். பிறகு, "எனக்கு என்ர முதுகு தெரியாதுதானே. அம்மாவின்ர முதுகு மாதிரிக் கிடக்கு" என்றார். கடைசியில், போகும்போது வாசலில் நின்று, "இதை ஆருக்கும் காட்டுறதெண்டாக் காட்டுங்கோ. வெக்கமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு மாமிக்கு அது வேலையாகிவிட்டது. ஒவ்வொரு றோலிலும் கடைசிப் படம் முதுகுக்கு. கேட்டுத்தான் எடுப்பார்; வேண்டாம் என்றவர்களை வற்புறுத்தியதில்லை. "முகம் அரசாங்கத்துக்குக் குடுத்திட்டீங்கள். முதுகை எனக்குத் தாங்கோ" என்பார். சிலர் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள், பலர் திரும்பினார்கள். திரும்பிய உடனே ஆட்கள் இளகிவிடுவார்கள். முன்னால் கமரா இல்லையென்ற நினைப்பில் தோள் இறங்கும், கழுத்து தளரும், நிற்கிற விதமே மாறும். பஸ் கொண்டக்டர் ஒருவரின் சட்டையில் பணப்பையின் வார் உராய்ந்து உராய்ந்து ஒரு கோடு தேய்ந்திருந்தது. மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் உம்மா, முகத்தைப் படமெடுக்க வைத்ததற்காக அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே இருந்தவர், முக்காடு போட்டபடி திரும்பி நின்று, "இப்பிடியெண்டா எத்தினை வேணுமெண்டாலும் எடுங்க" என்றார். அந்த முக்காட்டின் மடிப்பு விழுந்த அழகை நான் வேறெந்தக் கல்யாணப் படத்திலும் கண்டதில்லை.

எனக்குள்ளும் ஏதோ மாறிப்போயிற்று. கோயிலில் முன்வாங்கில் இருப்பவர்களை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அவர்கள் எனக்குப் பீடத்தை மறைக்கிற தலைகள். இப்போது பூசை முழுக்க அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைத் தோளில் போட்டு நித்திரையாக்கியபடி இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நிற்பவர், முழங்காலில் நின்று எழும்ப ஏலாமல் வாங்கைப் பிடிப்பவர். சந்தையிலும் அப்படித்தான். முகத்தில் ஒன்றும் காட்டாத ஆள் முதுகில் எல்லாவற்றையும் காட்டிவிடுவார்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்குச் சீனன்குடாவில், வேலியும் காவலும் உள்ள ஒரு களஞ்சியத்தில் வேலை. "அம்மா, வேலையில சிரிக்கினம். உங்கட அம்மா முன்பக்கம் எது பின்பக்கம் எது எண்டு தெரியாமல் படம் எடுக்கிறாவோ எண்டு கேக்கினம்" என்று ஒருநாள் சாப்பாட்டில் இருந்தபடி சொன்னார். "தெரியும் எண்டு சொல்லு தம்பி" என்றார் மாமி. "அங்க மட்டும் வந்திடாதேங்கோ" என்றார் இவர். சொல்லியிருக்கக் கூடாது. அதுவரை மாமிக்கு அந்த எண்ணமே இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு காலை, மாமி சின்னக் கமராவைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு சீனன்குடா பஸ்ஸில் ஏறிப்போனார். களஞ்சியத்துக்கு எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் இருந்தார். வேலைக்கு ஆட்கள் வந்து, சைக்கிளை விட்டிறங்கி, சாப்பாட்டுக் கரியரோடு வரிசையாக வாசல் கேற்றுக்குள் போகும் நேரம். ஒரேயொரு படம் எடுத்தார், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்.

படம் கழுவியபோது நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு கூட்டம் முதுகுகள். நடுவில் ஒருவரின் சட்டைக் கொலருக்குக் கீழே கிழிசலைத் தைத்திருந்தது. அந்தத் தையலை எனக்குத் தெரியும். அதைத் தைத்தது நான். என் கணவரின் வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருந்தது, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு. மூட்டை தூக்கித் தூக்கி வந்தது. அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன், காய்ச்சலில் பத்துப் போட்டிருக்கிறேன், பக்கத்தில் படுத்திருக்கிறேன். அந்தத் தோள் எனக்குத் தெரியாது. நான் அழுதேன். மாமி என்னைத் தேற்றவில்லை. "பாத்தியோ" என்று மட்டும் சொன்னார். அவரும் அதை அன்றுதான் கண்டார் என்பது குரலில் தெரிந்தது.

தெருப்பக்கம் எங்களுக்கு ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதற்குள் பட்டினத்துப் பெரிய வீட்டுக் கல்யாணச் சோடிகளும், கரை வைத்த வெள்ளைச் சட்டையில் முதல் நன்மைப் பிள்ளைகளும் நிறம் மங்கிப்போய் நின்றார்கள். மாமி அவர்களையெல்லாம் கழற்றி, துடைத்து, உரிய வீடுகளுக்கு அனுப்பிவிட்டார். அந்த இடத்தில் முதுகுகள் ஏறின. நடுவில் சல்லி அக்கா. அவருக்குப் பக்கத்தில் சீனன்குடாக் கேற்றுக்குள் போகிறவர்கள்.

இரண்டு விதமான சனம் வந்தது. கோபப்பட வந்தவர்கள் காலையில் வந்தார்கள். "என்ர மோளின்ர கலியாணப் படத்தைக் கழட்டிப்போட்டு, கருவாட்டுக்காரியின்ர முதுகை நடுவில வைச்சிருக்கிறியள்" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். "உங்கட மோளை ஊர் முழுக்கப் பாத்திட்டுது. இவவை இன்னும் பாக்கேல்லை" என்றார் மாமி. மற்றவர்கள் பின்னேரத்தில் வந்தார்கள். வேலை விட்டு வந்து, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று தேடினார்கள். "அது நீ." "இல்லை, அது அவன், கரியரைப் பார்." தங்களைத் தாங்களே கண்டுபிடிக்கிற அந்தச் சத்தம் குசினிவரை கேட்கும்.

கோபப்பட்டவர்கள் சும்மா போகவில்லை. ஒருநாள் பகலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. அன்று சந்தைக்கு வந்த சல்லிப் பெண்கள் அலுமாரிக்கு முன்னால் கடகங்களோடு நின்றிருந்தார்கள். இறங்கிவந்த இன்ஸ்பெக்டருக்கு முன்னால் தெரிந்தது முழுக்க முதுகுகள்தான்; கண்ணாடிக்குள்ளும் முதுகு, வெளியிலும் முதுகு. "விலகுங்கோ" என்றார். அவர்கள் விலகினார்கள், ஆனால் போகவில்லை.

அவர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள். குரலை உயர்த்துகிறவர் அல்ல. "அம்மா, சீனன்குடாவில படம் எடுக்கக் கூடாது எண்டு பலகை போட்டிருக்கு. நீங்கள் கேற்றைப் படம் எடுத்து நடுத்தெருவில வைச்சிருக்கிறியள்."

"நான் கேற்றைப் பாக்கேல்லை. அதுக்குள்ள போற ஆக்களைத்தான் பாத்தனான்."

"படத்தில கேற் கிடக்கு."

"ஓம், கிடக்கு."

"அப்ப படத்தையும் நெகட்டிவையும் தாங்கோ."

மாமி உள்ளே போனார். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் நெகட்டிவையும், படங்களின் ஓரம் வெட்டுகிற கத்தரிக்கோலையும் கொண்டுவந்தார். அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தார். கேற் இருந்த மேல்பக்கத்தை, ஆட்களின் தலைக்கு மேலால், அவசரப்படாமல் வெட்டினார். நெகட்டிவையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து அப்படியே வெட்டினார். ஒடுங்கின இரண்டு துண்டுகளை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"கேற் உங்கட. கொண்டுபோங்கோ. முதுகு என்ர."

இன்ஸ்பெக்டர் அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சப்படத்தை வாங்க அவர் ஒரு காரணம் தேடியிருக்க வேண்டும். அதில் இருந்தது சட்டை போட்ட மனிதர்கள், அவ்வளவுதான். முதுகை எடுக்கக் கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. வாசலில் நின்ற பெண்களில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள். அவர் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மாமி வெட்டிய படத்தை அதே இடத்தில் திரும்ப மாட்டினார்.

மறுநாள் என் கணவரைக் கேற்றில் நிறுத்திவிட்டார்கள். விசாரிக்க வேண்டும், கூப்பிடும்வரை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்களாம். அவர் பகலில் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். அந்த நேரத்தில் அந்தக் கதிரையில் அவரை நான் கண்டதேயில்லை.

"உங்கட படத்தால என்ர வேலை போகப்போகுது, அம்மா."

மாமி கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தார்.

"நான் சொன்னனான்தானே, அங்க வரவேண்டாமெண்டு. நீங்கள் ஒருத்தரின்ர கதையையும் கேக்கமாட்டியள். அப்பாவும் இதைத்தான் சொல்லுறவர்."

அது மாமிக்குப் பட்டது. முதல் முறையாக அவர் முகம் மாறியதைக் கண்டேன். "கழட்டவோ, தம்பி?" என்று கேட்டார். ஊரிடமும் பொலிசிடமும் கேட்காத கேள்வியை மகனிடம் கேட்டார். அவர் ஓம் என்றிருந்தால் மாமி கழற்றியிருப்பார். இன்றும் அதை நிச்சயமாகச் சொல்வேன்.

என் கணவர் எழும்பித் தெருப்பக்கம் போனார். அந்தப் படத்தை அவர் அதுவரை நின்று பார்த்ததில்லை. வெட்கம் என்று தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிடுவார். நான் கதவோரம் நின்றேன். அவர் பார்த்தார். தன் சட்டையின் தையலைக் கண்டிருப்பார், தோளையும் கண்டிருப்பார். இடது கையால் வலது தோளை ஒருமுறை தடவினார். திரும்பி உள்ளே வந்து, "வேண்டாம், கிடக்கட்டும். அதில நடக்கிற ஆக்கள் எல்லாரும் வந்து பாத்திட்டுப் போட்டினம். என்னால கழட்டினதெண்டு நான் எப்பிடி அவையின்ர முகத்தைப் பாக்கிறது?" என்றார். பிறகு சாப்பிடக் கேட்டார். மாமி அன்று தானே குசினிக்குள் போய்ச் சோறு போட்டுக் கொடுத்தார்.

சில வாரங்களுக்குப் பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஸ்ரூடியோவுக்கு அடி விழுந்தது. அட்டைப் படம் வேறு இடத்தில் எடுத்தால்தான் செல்லும் என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். பெரிய வீட்டுக் கல்யாணங்கள் ஒன்றும் வரவில்லை. இரவல் கோட் ஆணியில் தூசு படிந்து தொங்கியது. வந்தவர்கள் சல்லி, குச்சவெளி, மூதூர்ச் சனம். அட்டைக்கு வேறிடத்தில் எடுத்துவிட்டு, மற்றதற்கு மாமியிடம் வந்தார்கள். கல்யாணம் முடித்த கையோடு ஒரு சோடி சல்லியிலிருந்து வந்து, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று கேட்டு எடுத்துப்போனது. அந்தப் பெண்ணின் கொண்டை மாலையை அவள் தானே முதல்தடவை கண்டாள். நாங்கள் செலவை இறுக்கித்தான் வாழ்ந்தோம். மாமி குனிந்த தலையோடு ஒரு நாளும் இருக்கவில்லை, நானும் பழகிக்கொண்டேன்.

இப்போது அந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை. ஆளுக்கொரு கமரா கையில் இருக்கிறது, எல்லோரும் தங்கள் முகத்தைத் தாங்களே எடுக்கிறார்கள், நாளுக்கு எத்தனையோ தரம். எடுக்கட்டும். ஆனால் என் பேரப்பிள்ளைகளின் படங்களைத் திரையில் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது மாமி சொன்னதுதான் வாயில் வருகிறது: எல்லாரும் ஒரே ஆள் மாதிரிக் கிடக்கினம். மாமி செய்தது விசர் வேலை என்று சொன்னவர்களில் சிலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். இப்போது, அது கலை என்கிறார்கள். இரண்டும் எனக்கு ஏற்பில்லை. அவர் பார்த்தார், பார்த்ததை மறைக்க மாட்டேன் என்றார். அவ்வளவுதான்.

அந்த இன்ஸ்பெக்டரின் கதையையும் சொல்லி முடிக்க வேண்டும். சில வருடங்களுக்குப் பிறகு அவருக்கு மாற்றம் வந்தது. போவதற்கு முன் ஒருநாள் பின்னேரம் சீருடையோடு, ஜீப் இல்லாமல் நடந்து ஸ்ரூடியோவுக்கு வந்தார். படம் ஒன்று எடுக்க வேண்டும் என்றார். வருகிற எல்லோருக்கும் மாமி தேத்தண்ணி கொடுப்பார். அவருக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. ஸ்டூலில் இருத்தி, தாடையைப் பிடித்துத் திருப்பி, படத்தை எடுத்து, "சரி, முடிஞ்சுது" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழும்பவில்லை. "மற்றது எடுக்கேல்லையோ?"

"அது விரும்பிக் குடுக்கிறவைக்குத்தான்."

அவர் கொஞ்ச நேரம் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, ஸ்டூலைத் தள்ளிவிட்டு, தானாகவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மாமி கறுப்புத் துணிக்குள் போனார். "நான் இஞ்ச இருக்குமட்டும் வெளியில வைக்காதேங்கோ" என்று சுவரைப் பார்த்தபடி சொன்னார் இன்ஸ்பெக்டர். "நீங்கள் போன பிறகு?" என்று துணிக்குள்ளிருந்து மாமி கேட்டார். "போன பிறகு என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ."

அவர் ஊரை விட்டுப் போன அன்று காலையே படம் அலுமாரிக்குள் ஏறியது. இடுப்புப் பட்டிக்கு மேலே காக்கிச் சட்டை கறுத்து நனைந்திருந்தது. தலைக்குப் பின்னால் மயிர் உதிர்ந்து வட்டமாகத் தோல் தெரிந்தது. தொப்பியைப் பிடித்திருந்த கை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தது, பிழைவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளைபோல. பட்டினத்து ஆட்கள் பலர் நின்று பார்த்து, யாரோ பொலிஸ்காரர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சல்லி அக்கா கடகத்தோடு வந்தார், ஒரு பார்வை பார்த்தார்.

"இது அவரெல்லோ."

"எப்பிடித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"வேறென்ன, சந்தைக்கு வந்து வெருட்டிப்போட்டு அவர் திரும்பிப் போய் மறையுமட்டும் நாங்கள் இதைத்தானே பாத்துக்கொண்டு நிக்கிறனாங்கள்."